அட்மின்

சூரோய்த் தீவில், ஃபியோர்டின் கடைசி வளைவில்
ஒரு சால்மன் குஞ்சுப் பண்ணை.
பதினான்கு தொட்டிகள்.
தன் தண்ணீரில் மூச்சு எவ்வளவு மிச்சம் என்று
ஒவ்வொரு தொட்டியும் பத்து நொடிக்கொருமுறை சொல்லும்.
சொன்னது ஒரு திரைக்கு வந்து
பெட்டி பெட்டியாய்க் கடந்து
'குறைந்தால்' என்ற பெட்டியில் ஒரு கணம் நின்று
வால்வைத் திறக்கும்.
பெட்டிகளை இணைக்கும் கோடுகளை
உலாவியில் யாரும் இழுக்கலாம், அழிக்கலாம்.
அவ்வளவு எளிது.
கோட்டின் மறுமுனையில்
நாற்பதாயிரம் குஞ்சுகள் வாய் திறந்தபடி.

மார்ச்சில் என்னைக் கூப்பிட்டார்கள்,
பதினோராம் தொட்டியின் கோடு காணாமல் போன பிறகு.
பதிவேட்டைத் திறந்தேன்.
அதிகாலை 3:12. அழித்தவர்: அட்மின்.
அதற்கு முந்தைய வரியும் அட்மின். அதற்கு முந்தையதும்.
நான்கு வருடமாய் அங்கே
அட்மின் என்ற ஒரே ஆள் வேலை பார்த்திருக்கிறார்,
தூங்காமல்,
சில சமயம் ஒரே நிமிடத்தில் மூன்று ஊர்களிலிருந்து.

நான் கப்பலில் இருந்தேன், சிக்னலே இல்லை என்றாள் மார்யுன்.
நான் பார்க்க மட்டும்தான் செய்வேன் என்றான் ரோயி,
போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும் விரல்காரன்.
சுன்னிவா எதுவும் சொல்லவில்லை,
கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள்.
காபி மெஷின் மேல் ஒட்டியிருந்தது கடவுச்சொல்:
மீனின் பெயர், அப்புறம் ஒன்று இரண்டு மூன்று நான்கு.
வாசலோ உலகத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது.
வெளியாள் யாராவது வந்திருப்பார்களா என்று கேட்டார்கள்.
எப்படிச் சொல்ல?
வந்திருந்தால் அவரும் அட்மின்தானே.

இரண்டு நாள் ஆனது.
பழைய வாசலை அடைத்தேன்.
முன்னால் ஒரு சர்வரைக் காவலுக்கு நிறுத்தினேன்;
இனி அதனிடம் பேசாமல் உள்ளே போக முடியாது,
பேசுவதும் பூட்டிய மொழியில்.
ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு சாவி,
போனில் முப்பது நொடிக்குள் சாகும் ஆறு இலக்கம்.
மார்யுன் திருத்தலாம். சுன்னிவா திருத்தலாம்.
ரோயி பார்க்கலாம்.
ரோயிக்கு அது பிடிக்கவில்லை.
மறுநாள் காற்றில் காய்ந்த ஆட்டிறைச்சி ஒரு துண்டு கொண்டுவந்தான்,
லஞ்சமா சமாதானமா, கேட்கவில்லை. தின்றேன்.

பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களுக்கும்
அழைப்பு அனுப்பியிருந்தேன்.
யார் இன்னும் வேலையில் இருக்கிறார் என்று கேட்கவில்லை.
பிழை என்னுடையது.

ஏப்ரலில் பதிவேடு முதல்முறையாக
மனிதர்களைப் பற்றிப் பேசியது.
மார்யுன், காலை 7:40.
சுன்னிவா, நண்பகல்.
ஹெய்னி, இரவு 2:05.
மறுநாளும் ஹெய்னி, இரவு 2:05.
எதையும் தொடவில்லை. பதினோராம் தொட்டியை மட்டும்
நான்கு நிமிடம் பார்த்துவிட்டு வெளியேறுகிறான்.

யாரிவன் என்றேன்.
போன வருடம் எஸ்பியர்க்குக்குப் போய்விட்டான்,
காற்றாலைக் கம்பெனியில், இரவு ஷிப்ட் என்றாள் சுன்னிவா.
பதினோராம் தொட்டிக்குக் குழாய் போட்டது அவன்தான்.
அதே மூச்சில்: அழித்துவிடு.

மதிய உணவு நேரத்தில் அழித்தேன்.
நிச்சயமா என்று கேட்டது திரை,
எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில்.

அன்றிரவு
2:05, ஹெய்னி. மறுக்கப்பட்டது.
2:06, ஹெய்னி. மறுக்கப்பட்டது.
மூன்று நிமிட இடைவெளி.
2:09, அட்மின். மறுக்கப்பட்டது.

அதன்பின் வேறு வரி இல்லை.
பதினோராம் தொட்டி மட்டும்
பத்து நொடிக்கொருமுறை, யாரும் கேட்காமலே,
ஒன்பது புள்ளி எட்டு,
ஒன்பது புள்ளி எட்டு,
ஒன்பது புள்ளி ஏழு.